தாடை மூட்டு வலி: நைட் கார்டா, பிசியோவா, ஊசியா, ஆபரேஷனா?

போன பிப்ரவரியில் ஒரு திங்கள்கிழமை காலை பல் துலக்கும்போது வாய் பாதியில் நின்றுவிட்டது. பிரஷ் நுழைகிறது, கடவாய்ப் பல் வரை கொண்டுபோக இடமில்லை. அதற்கு மேல் திறந்தால் இடது காதுக்கு முன்னால், கதவிடுக்கில் செருப்பு மாட்டிக்கொண்டதுபோல என்னவோ முட்டுகிறது. அந்த இடத்தில் நாலைந்து வருடமாகக் கொட்டாவி விட்டாலே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அன்று காலை அந்தச் சத்தம் சுத்தமாக நின்றுபோயிருந்தது. சத்தம் போய்விட்டது, நல்லதுதானே என்றுதான் முதலில் நினைத்தேன்.

அத்தையிடம் சொன்னேன். "ராத்திரி நீ பல்லைக் கடிக்கிற சத்தம் ஹால் வரைக்கும் கேக்குதும்மா. வயித்துல பூச்சி இருக்கும், முதல்ல அதுக்கு மாத்திரை போடு" என்றார். போட்டேன், பெரியவர்கள் சொல்லைத் தட்டுவானேன். ஆனால் வளர்ந்தவர்கள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதற்கு டாக்டர்கள் கேட்கும் கேள்விகள் வேறு: மன அழுத்தம் உண்டா, தூக்கம் சரியாக இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை காபி, சிகரெட், மது உண்டா, மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா (அதில் சில வகைகள் பல் கடிப்பதைக் கிளப்பிவிடும்). நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மூன்று வாரத்தில் மூன்று இடம் போனேன், தோழியையும் சேர்த்து நாலு யோசனை கிடைத்தது. காது வலி என்று நினைத்துப் போன ஈ.என்.டி. டாக்டர், காதில் ஒன்றுமில்லை, தாடை மூட்டைப் பாருங்கள் என்று அனுப்பினார். ஒரு பல் கிளினிக்கில் நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்மேல் மாட்டிக்கொள்ளும் உறை, போடலாம் என்றார்கள். இன்னொரு கிளினிக்கில், பெயர் வேண்டாம், கடி (மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம்) சரியில்லை, எட்டுப் பல்லைத் தேய்த்து கேப் போட்டால்தான் தீரும், இன்றே அட்வான்ஸ் கட்டினால் சலுகை உண்டு என்றார்கள். தோழி ஒருத்தி பிசியோதெரபிக்குப் போகச் சொன்னாள். யாரை நம்புவது என்று தெரியாமல் உட்கார்ந்து படித்தேன், கேட்டேன், பிறகு முடிவெடுத்தேன். அதைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பில் கட்டுகிற பக்கம் நிற்கிற ஆள்.

முதலில் மூட்டைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் எந்தச் சிகிச்சையும் ஒன்றுபோலவே தெரியும். காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உருண்டையாக ஒன்று நகர்வது தெரியும். அது கீழ்த்தாடை எலும்பின் தலை. அதற்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு சிறிய தட்டு, டிஸ்க் என்பார்கள். முட்டி மாதிரி மடங்கி நிமிர்வதோடு இதன் வேலை முடிவதில்லை. வாய் திறக்கும்போது முதல் பாதி கீல் மாதிரி சுழலும், அடுத்த பாதிக்கு எலும்புத் தலையும் தட்டும் சேர்ந்து முன்னால் வழுக்கிப் போக வேண்டும். தட்டு தன் இடத்தைவிட்டு முன்னால் நழுவியிருந்தால், எலும்புத் தலை அதன்மேல் ஏறும்போது 'டிக்' என்கிறது. ஒருநாள் ஏறவே முடியாமல் பின்னால் நின்றுவிட்டால் சத்தமும் நிற்கும், வாயும் பாதியில் நிற்கும். திங்கள்கிழமை எனக்கு நடந்தது இதுதான்.

ஆக, 'தாடை மூட்டுக் கோளாறு' என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று வகை உண்டு. ஒன்று தசை: கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் இருக்கும் மெல்லும் தசைகள் இறுகி வலிப்பது, காலையில் எழும்போதே கன்னம் கனமாக இருப்பது. நிறையப் பேருக்கு இதுதான். இரண்டாவது தட்டு நழுவுவது. மூன்றாவது எலும்பு: தேய்மானம், முடக்குவாதம், அடிபட்டு எலும்பு ஒட்டிக்கொள்வது. மூன்றுக்கும் ஒரே மருந்து விற்கிற இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிதானமாகவே உட்காரலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை. உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவில் வையுங்கள். மூன்றும் போனால் வாய் போதுமான அளவு திறக்கிறது, ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். இரண்டு விரலே திணறினால் காட்டத்தான் வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று மெதுவாகத் திறக்கும்போது தாடை நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்றும் பாருங்கள். தட்டு மாட்டிக்கொண்டிருந்தால் மாட்டிய பக்கமே சாயும். எனக்கு இடப்பக்கம் சாய்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டக் கூடாது, நம் ஊரில் இது முக்கியம். வாய் திறக்காததெல்லாம் மூட்டுக் கோளாறு இல்லை. பாக்கு, பான் மசாலா போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் நாராக இறுகி வாய் சிறுகச் சிறுகச் சுருங்கும், காரம் பட்டால் எரியும். அது புற்றுநோயாக மாறக்கூடியது, அதற்கு வைத்தியம் முற்றிலும் வேறு. ஞானப்பல் சீழ் பிடித்தாலும் வாய் திறக்காது, கூடவே காய்ச்சலும் வீக்கமும் இருக்கும். 50 வயது தாண்டியவர்களுக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மென்றால் தாடை ஓய்ந்துபோவது, பார்வை மங்குவது என்று வந்தால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், அன்றே பார்க்க வேண்டும். நடந்தால், மாடி ஏறினால் தாடை வலித்து நின்றால் குறைகிறது என்றால் பல் டாக்டரிடம் போகாதீர்கள், இதயத்தைப் பாருங்கள். வாய் திறந்தபடியே மூட முடியாமல் நின்றுவிட்டால் மூட்டு விலகியிருக்கிறது. நேரே ஏதாவது பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. கட்டு வைத்தியரிடம் கொண்டுபோய் யாராவது இழுத்துவிடட்டும் என்று விடாதீர்கள். அதை ஏற்றி வைக்க ஒரு முறை இருக்கிறது, கடவாயைக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளுவார்கள், பழகிய கை செய்தால் சில நிமிட வேலை.

சரி, இப்போது தேர்வுகள். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: இது சரிப்படவில்லை என்றால் பழையபடி ஆக்க முடியுமா? முடியும் என்பதெல்லாம் முதலில், முடியாது என்பதெல்லாம் கடைசியில். விலை அதற்குப் பிறகுதான்.

எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வு, அதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வலியில்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் வைத்தியமே தேவையில்லை. வலியே இல்லாதவர்களைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தட்டு நழுவித்தான் இருக்கிறது, அவர்கள் பாட்டுக்கு முறுக்கு தின்றுகொண்டிருக்கிறார்கள். அதனால் ஸ்கேனைக் காட்டி 'பாருங்கள், டிஸ்க் விலகியிருக்கிறது' என்று யாராவது பயமுறுத்தினால், வலியும் வாய் திறப்பும் எப்படி என்பதைத்தான் திரும்பக் கேட்க வேண்டும்.

அடுத்தது வீட்டுப் பராமரிப்பு. செலவு கிடையாது, ஆனால் செய்வதுதான் கஷ்டம். இரண்டு மூன்று வாரம் மென்மையான சாப்பாடு. நம் வீடுகளில் இது தண்டனையே இல்லை: இட்லி, பொங்கல், ரசம் சாதம், இடியாப்பம், குழைய வெந்த கூட்டு. ஒதுக்க வேண்டியது பரோட்டா, நல்லி எலும்பு, கரும்பு, சீடை, சூயிங் கம். ஆப்பிளைக் கடிக்காமல் நறுக்கிச் சாப்பிட வேண்டும். வெதுவெதுப்பான துணியால் கன்னத்தில் 15 நிமிடம் ஒத்தடம். கொட்டாவி வந்தால் நாக்கு நுனியை மேல் அண்ணத்தில் வைத்துக்கொண்டு விட வேண்டும், வாய் அளவோடு நிற்கும். எனக்கு அதிகம் பலன் தந்தது ரொம்பச் சின்ன ஒரு விஷயம்: உதடு மூடியிருக்கலாம், பற்கள் தொடக் கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ள அவசியமே இல்லை என்பது 36 வயது வரை எனக்குத் தெரியாது. மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கரில் 'பல்' என்று மட்டும் எழுதி ஒட்டினேன். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பது கண்டுபிடிப்பு. ஜி.எஸ்.டி. தளம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது இன்னும் இறுக்கமாக.

மாத்திரை பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வீக்கம் குறைக்கும் வலி மாத்திரை சில நாளைக்கு உதவும், சாப்பிட்ட பின் போட வேண்டும், அல்சர், சிறுநீரகத் தொல்லை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கேட்காமல் போடக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வைத்தியமில்லை.

பிசியோதெரபி. இதைப் பற்றி எனக்கு முதலில் மதிப்பே இல்லை, முழங்காலுக்கும் கழுத்துக்கும் போகிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு ஒரு சர்வதேச வழிகாட்டுதல் வந்தது. அதில் அழுத்தமாகப் பரிந்துரைத்த பட்டியலைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது: மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, நீட்டும் பயிற்சி, கழுத்தும் முதுகும் நிமிர்கிற தோரணைப் பயிற்சி, தெரபிஸ்ட் கையால் மூட்டை அசைத்துக் கொடுப்பது, தசை முடிச்சுகளை அழுத்தி விடுவது, மனநலப் பக்கம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றப் பழக்குவது), அப்புறம் ஒன்றுமில்லை பயப்படாதீர்கள் என்று விளக்கிச் சொல்லி வீட்டுப் பயிற்சி கொடுப்பது. எந்தக் கருவியும் ஊசியும் அந்த முதல் வரிசையில் இல்லை.

சென்னையில் இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். தெருவுக்குத் தெரு பிசியோ சென்டர் இருந்தாலும் தாடையில் கைவைத்துப் பழகியவர்கள் குறைவு. போனில் "தாடை மூட்டுக்குச் செய்வீங்களா, வாய்க்குள்ள கையுறை போட்டு விரலை வச்சுச் செய்வீங்களா" என்று நேராகக் கேளுங்கள். நான் கூப்பிட்ட நாலில் மூன்று இடத்தில் கொஞ்ச நேரம் மௌனம், பிறகு "வாங்க மேடம், மெஷின் வச்சுப் பாத்துடலாம்" என்றார்கள். நாலாவது இடத்துப் பெண் வாய் எத்தனை விரல் திறக்கிறது என்று திருப்பிக் கேட்டார். அங்கே போனேன். கடவாய்ப் பல்மேல் கட்டை விரலை வைத்து மெதுவாகக் கீழே அழுத்தி முன்னால் இழுப்பார், முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மூன்றாம் நாள் அப்படியில்லை. வாரம் இரண்டு முறை, ஆறு வாரம்.

நைட் கார்டுக்கு வருவோம், ஏனென்றால் பெரும்பாலோர் இந்த முடிவில்தான் குழம்புகிறார்கள். பல் டாக்டர் அச்சு எடுத்து, லேப் செய்து கொடுப்பது. மென்மையான பிளாஸ்டிக் ஷீட்டில் செய்வது ஒன்று, கடினமான அக்ரிலிக்கில் செய்து, எல்லாப் பல்லும் சமமாகத் தொடும்படி ராவிச் சரிசெய்வது இன்னொன்று. மென்மையானது மலிவு, போடச் சுகம், ஆனால் சிலருக்கு ரப்பரைக் கடிப்பதுபோல இன்னும் அதிகமாகக் கடிக்கத் தோன்றும். கடினமானது சில ஆயிரம் ரூபாய் கூடும், இரண்டு மூன்று முறை போய்ச் சரிசெய்து கொள்ளவும் வேண்டும். அந்தச் சரிசெய்தல் இல்லாமல் கையில் கொடுத்து அனுப்பினால் பாதிக் காசு வீண். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுத்துக்கொள்ளும் ஆன்லைன் சரக்கு நம் கடியை அளந்து செய்ததில்லை, மூட்டு வலிக்கு நான் அதை வாங்க மாட்டேன். முன்பல்லை மட்டும் மூடுகிற சின்ன வகையை நீண்ட நாள் போட்டால் மீதிப் பற்கள் நகர்ந்து கடியே மாறிவிடலாம் என்பதால் அதிலும் எச்சரிக்கை வேண்டும்.

அதே 2023 வழிகாட்டுதல், நாள்பட்ட வலிக்குக் கழற்றி மாட்டும் ஸ்பிளிண்டை (நைட் கார்டும் அந்த வகைதான்) நிபந்தனையோடு 'வேண்டாம்' பக்கம்தான் வைத்தது, பலன் உறுதியில்லை என்று. ஆனால் பல் தேய்மானத்தைத் தடுக்க அது பயன்படுகிறது என்பதில் சண்டை இல்லை. ஆக என் தீர்ப்பு இது: உங்கள் பல்லின் நுனி தட்டையாகத் தேய்ந்திருந்தால், கேப் உடைந்திருந்தால் நைட் கார்டு போடுங்கள், பல்லுக்காக. வலிக்காக மட்டும் என்றால் முதல் பணத்தைப் பிசியோவில் போடுங்கள். எனக்கு இரண்டும் இருந்ததால் இரண்டும் செய்தேன், ஆனால் அந்த வரிசையில்.

போடாக்ஸ் பற்றி இப்போது நிறைய விளம்பரம். மெல்லும் தசையில் ஊசி போட்டு அதைத் தளர வைப்பது. மூன்று நான்கு மாதம்தான் நிற்கும், பிறகு திரும்பப் போட வேண்டும். மெல்லும் தசை வேலையிழந்தால் அதைத் தாங்கும் தாடை எலும்பும் மெலிகிறது என்று விலங்கு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். முகம் ஒல்லியாகத் தெரியும் என்பதற்காகப் போடுகிறவர்கள் போடட்டும். தட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு இதனால் வாய் திறக்கப் போவதில்லை.

மூட்டைக் கழுவுதல் வேறு ரகம். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் ஆபரேஷன் அளவுக்குப் பெரியதில்லை. காதுக்கு முன்னால் மரத்துப்போக ஊசி போட்டு, மூட்டின் மேல் அறைக்குள் இரண்டு ஊசிகளை நுழைத்து, ஒன்றின் வழியே உப்புத் திரவத்தைச் செலுத்தி மற்றதன் வழியே வெளியேற்றுவார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். 1991-ல் டோரிட் நிட்சான் என்ற இஸ்ரேல் டாக்டரின் குழு திடீரென்று வாய் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதைச் செய்து எழுதிய பிறகு பரவியது. இதில் சுவாரசியம், கழுவிய பிறகும் தட்டு பெரும்பாலும் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. இருந்தும் வாய் திறக்கிறது, வலி குறைகிறது. நாள்பட்ட வலிக்கு முதல் கையாக இதை வழிகாட்டுதல் சொல்லவில்லை. ஆனால் பிசியோவுக்கும் மசியாமல் வாய் இரண்டு விரலிலேயே நின்றிருந்தால் இதற்கு ஒப்புக்கொள்வதாகத்தான் இருந்தேன். பல் கிளினிக்கில் இல்லாமல், வாய் முக அறுவைச் சிகிச்சை நிபுணரிடம்.

மூட்டைத் திறந்து செய்யும் ஆபரேஷன் எலும்பு ஒட்டிக்கொண்டவர்களுக்கு, கட்டி இருப்பவர்களுக்கு, மூட்டு முழுக்கச் சிதைந்தவர்களுக்கு. சின்ன வயதில் மாடிப்படியில் மோவாய் அடிபட விழுந்து, பிறகு வாயே திறக்காமல் தாடை சிறுத்துப்போகிற குழந்தைகளுக்கு அதுதான் வழி, அங்கே தயங்கவே கூடாது. சாதாரண வலிக்குத் தட்டை வெட்டி எடுப்பதை அந்த வழிகாட்டுதல் அழுத்தமாக வேண்டாம் என்கிறது. 1980-களில் அமெரிக்காவில் தட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டு வைத்தார்கள். அது உள்ளேயே துகள் துகளாக உதிர்ந்து சுற்றியிருந்த எலும்பை அரித்துவிட்டது, 1990-களின் தொடக்கத்தில் அதைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. வைத்துக்கொண்டவர்களுக்கு அதற்குள் ஆபரேஷன்மேல் ஆபரேஷன்.

கடைசியாக அந்த எட்டுப் பல் விவகாரம். 1934-ல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு டாக்டர், கடவாய்ப் பல் இழந்தவர்களுக்குத் தாடை மேலே ஏறி மூட்டை அழுத்துவதால்தான் காது வலியும் தலைவலியும் என்று எழுதினார். அவர் சொன்ன காரணம் பின்னால் நிற்கவில்லை, ஆனால் 'கடியைச் சரிசெய்தால் மூட்டு சரியாகிவிடும்' என்ற எண்ணம் மட்டும் தொண்ணூறு வருடமாகப் போக மறுக்கிறது. பல்லைத் தேய்த்துக் கடியை மாற்றுவதால் மூட்டு வலி தீரும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. கிளிப் போடுவதும் அப்படித்தான், பல் வரிசைக்காகப் போடுங்கள், மூட்டுக்காகப் போடாதீர்கள். தேய்த்த எனாமல் திரும்ப முளைக்காது. அதனால்தான் என் பட்டியலில் இது ஆபரேஷனுக்கும் கீழே இருக்கிறது, ஆபரேஷனுக்காவது தேவைப்படுகிற நோயாளி என்று ஒருவர் உண்டு.

இத்தனைக்கும் நடுவில், ஒரு பைசா கட்டுவதற்கு முன் இரண்டாவது கருத்து வேண்டும் என்றால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 1953-லிருந்து இருக்கிறது, நான் பெரம்பூரிலிருந்து போனேன், அரை நாள் லீவு எடுத்து. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிட வேண்டும், கூட்டம் இருக்கும், உட்கார்ந்து கிடக்க வேண்டியிருக்கும், கையில் இட்லிப் பொட்டலம் இருந்தால் நல்லது. ஆனால் அங்கே எனக்கு எதையும் விற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பட்டமேற்படிப்புப் பெண் ஒருவர் ஸ்கேலை வைத்து வாயை அளந்தார், 26 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் தசையை அழுத்திப் பார்த்தார், எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டார், பெரிய எக்ஸ்ரே ஒன்று எடுக்கச் சொன்னார். அவருடைய பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாத்தான் இருக்கு. பயிற்சி பண்ணுங்கம்மா, ஆறு வாரம் கழிச்சு வாங்க, திறக்கலேன்னா கழுவுறதைப் பத்திப் பேசலாம்" என்றார். எட்டுப் பல் கேப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

ஆறு வாரம் கழித்து அதே ஸ்கேலில் 38. மூன்றாவது விரல் கொஞ்சம் உரசிக்கொண்டு போகிறது. கொட்டாவி விட்டால் சில நாள் பழைய 'டிக்' கேட்கிறது, வலி இல்லை, விட்டுவிட்டேன். நைட் கார்டை நீலக் கலர் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன், அத்தை வாங்கி வைத்த பூச்சி மாத்திரையின் மீதி அட்டைக்குப் பக்கத்தில்.